காதோடு ஒரு கச்சேரி

ஒரு கச்சேரி நடக்க மூன்று பேர் வேண்டும். பாடுகிறவர் ஒருவர், பக்கவாத்தியம் வாசிக்கிறவர் ஒருவர், கேட்கிறவர் ஒருவர். முதல் இருவரைப் பற்றி நம் பத்திரிகைகளில் எழுதிக் குவித்தாகிவிட்டது. சுருதி சேர்ந்ததா, காலப்பிரமாணம் நின்றதா, நிரவலில் கற்பனை இருந்ததா என்று பத்தி பத்தியாக அலசுகிறோம். மூன்றாவது ஆசாமியை மட்டும் யாரும் விமரிசனம் செய்வதில்லை. டிக்கெட் வாங்கினவர் என்ற மரியாதை போலும்!

அந்த மூன்றாவது ஆசாமி இப்போது முன்போல் இல்லை. சபாவுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டு விட்டார். வீட்டில், விடுதி அறையில், ரயிலில், தலையில் ஒரு வளையத்தை மாட்டிக்கொண்டு தன்னந்தனியாகக் கேட்கிறார். பாடகருக்கும் அவருக்கும் நடுவே ஒரு சாதனம் வந்து உட்கார்ந்துவிட்டது. பாடகர் கொடுப்பதில் எதை உள்ளே விடுவது, எதை வாசலிலேயே நிறுத்துவது என்று அந்தச் சாதனம்தான் தீர்மானிக்கிறது. அவ்வளவு அதிகாரம் உள்ள ஒரு பாத்திரத்தை விமரிசனத்துக்கு உட்படுத்தாமல் விடலாமா? கூடாது என்பது என் கட்சி.

அப்படிப்பட்ட சாதனங்களில் மிகவும் செல்லமானது, மிகவும் பிடிவாதமானது என்று பெயரெடுத்தது நிலைமின் ஹெட்போன். அதில் தொடக்கநிலை ஜோடி ஒன்றை, அதாவது இருப்பதற்குள் குறைந்த விலை ஹெட்போனையும் அதற்கேற்ற ஆம்ப்ளிஃபயரையும், சென்னை நண்பர் ஒருவர் வீட்டில் பல மாலைகள் கேட்டேன். அந்தச் சமயத்தில்தான் சேரப்பணஞ்சேரியிலிருந்து ஒரு வாசகரின் கடிதமும் வந்தது. இரண்டையும் சேர்த்து வைத்து யோசித்ததன் விளைவு இந்தக் கட்டுரை.

சாதனம் என்ன என்பதை முதலில் பார்த்துவிடுவோம். நாம் சாதாரணமாகக் கடையில் வாங்கும் ஹெட்போனுக்குள் ஒரு காந்தம் இருக்கிறது. ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. சுருளோடு ஒட்டிய ஒரு சவ்வு இருக்கிறது. மின்சாரம் சுருளை ஆட்டுகிறது, சுருள் சவ்வைத் தள்ளுகிறது. ஓர் இடத்தில் தள்ளினால் மற்ற இடமெல்லாம் கூடவே போக வேண்டும். போகத்தான் போகிறது, ஆனால் பெரிய குடும்பத்தில் அண்ணன் சொன்னதற்குத் தம்பிகள் தலையாட்டுவது மாதிரி, கொஞ்சம் முன்னே பின்னே.

நிலைமின் ஹெட்போனில் சுருளும் கிடையாது, காந்தமும் கிடையாது. சீப்பால் தலையை வாரிவிட்டுக் காகிதத் துணுக்குகளுக்கு அருகில் நீட்டினால் அவை துள்ளிக்கொண்டு வந்து ஒட்டுமே, அந்தப் பள்ளிக்கூட வித்தைதான் இதற்கு மூலதனம். இரண்டு துளைத் தகடுகள். நடுவே இழுத்துக் கட்டிய ஒரு சவ்வு. சவ்வின் கனம் ஒன்றிரண்டு மைக்ரான். நம் தலைமயிர் சுமார் 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சவ்வின்மேல் உயர்ந்த மின்னழுத்தத்தை நிரந்தரமாக ஏற்றி வைக்கிறார்கள். இதற்குப் பயாஸ் என்று பெயர். சங்கீதத்தின் மின்துடிப்பை இரு தகடுகளுக்கும் எதிரெதிராகக் கொடுக்கும்போது ஒரு தகடு சவ்வை இழுக்கிறது, மற்றது தள்ளுகிறது. சவ்வின் ஒவ்வோர் அணுவளவும் ஒரே நேரத்தில் நகர்கிறது. அண்ணன் தம்பி பாகுபாடு இல்லை.

இது நேற்றுப் பிறந்த யோசனையும் அல்ல. 1916-ல் அமெரிக்காவில் ஈ. சி. வென்ட்டி என்பவர் இதே தத்துவத்தைத் திருப்பிப் போட்டு மைக் ஒன்று செய்தார். சவ்வு அசைந்தால் மின்சாரம் பிறக்கும் என்பது அவருடைய வழி. 1957-ல் இங்கிலாந்தில் பீட்டர் வாக்கரின் குவாட் கம்பெனி, அறையில் நிறுத்தி வைக்கும் நிலைமின் ஸ்பீக்கரைக் கொண்டுவந்தது. 1960-ல் ஜப்பானின் ஸ்டாக்ஸ் கம்பெனி இதைத் தலையில் மாட்டுகிற அளவுக்குச் சுருக்கி விற்க ஆரம்பித்தது. ஹெட்போன் என்று சொல்லாமல் ‘காது ஸ்பீக்கர்’ என்றே அவர்கள் பெயர் வைத்தார்கள். அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்துக் காஸ் கம்பெனி 1960-களின் பிற்பகுதியில் இந்தத் துறைக்கு வந்தது. ஸ்டாக்ஸ் 1990-களின் நடுவில் நொடித்துப் போய், ஊழியர்களாலேயே மறுபடி எழுப்பப்பட்டு, 2011-ல் சீனாவின் எடிஃபையர் கம்பெனிக்குக் கை மாறியது. ஒரு நாவலுக்குப் போதுமான கதைதான். எழுத வேண்டியவர்கள் ஜப்பானிய நாவலாசிரியர்கள்.

*

இனி, கடிதம்.

சேரப்பணஞ்சேரி காஞ்சிபுரம் மாவட்டத்து ஊர். வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டி ஒரகடத்தை நோக்கிப் போகிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்த பிரதேசம். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் கார் தொழிற்சாலை வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் நோக்கியா வந்தது, 2014-ல் போயிற்று. அதன் கட்டிடத்தை வாங்கிய சால்காம்ப் கம்பெனி இப்போது அங்கே சார்ஜர் செய்கிறது. ஒரகடத்தில் காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் வரிசையாகப் பிறக்கின்றன. சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் பொருத்துகிறார்கள். தமிழ்நாட்டின் எந்தெந்த மூலையிலிருந்தோ வந்த இளைஞர்களும் யுவதிகளும் சுற்றுவட்டார ஊர்களில் அறை எடுத்துத் தங்கி, ஷிஃப்டுக்கு பஸ் ஏறுகிறார்கள். கடிதம் எழுதியவர் அவர்களில் ஒருவர். ஓர் அறையில் ஆறு பேராம்.

அவருடைய தகப்பனார் நாகஸ்வரக்காரர். பெரிய பெயர் எடுத்தவர் அல்ல. கோயில் உற்சவம், கல்யாணம், காதுகுத்து என்று ஊர் ஊராகப் போய் வாசித்தவர். ரேடியோவில் வாசித்ததில்லை, கம்பெனி ரிக்கார்டு கொடுத்ததில்லை. அவர் போன பிறகு மிச்சம் இருப்பவை பதினோரு காஸெட்டுகள். உற்சவங்களில் யாரோ ஓரமாக உட்கார்ந்து டேப் ரிக்கார்டரில் பிடித்தவை. மகன் தொழிற்சாலைச் சம்பளத்தில் ஒன்றரை வருஷமாகப் பணம் சேர்த்திருக்கிறார். ‘‘ஐயா, நிலைமின் ஹெட்போனில் இதுவரை கேட்காததெல்லாம் கேட்கும் என்கிறார்கள். அப்பாவின் வாசிப்பை ஒரு தடவையாவது முழுசாகக் கேட்க வேண்டும். எந்த ஹெட்போன், எந்த ஆம்ப்ளிஃபயர் வாங்கட்டும்?’’ இதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியைப் படித்த பிறகு, இது பணக்காரர்களின் பொழுதுபோக்குச் சாமான் என்று சொல்லித் தட்டிக் கழிக்க எனக்கு மனம் வரவில்லை. நியாயமான பதில் சொல்ல வேண்டுமானால் மூன்று விஷயங்களைத் தனித்தனியே பார்க்க வேண்டும். சாதனம் எப்படிப் பாடுகிறது? அதற்கு எது சரியான ஜோடி? சேரப்பணஞ்சேரியில் அது பிழைக்குமா?

*

பாட்டைப் பொறுத்தவரை என் அபிப்பிராயத்தை ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். குரலும் தம்புராவும் வீணையும் கேட்பதற்கு, இதற்குச் சமமாக நான் இதுவரை கேட்டவற்றில் வேறொன்றும் இல்லை. தம்புராவின் ஜீவா என்கிறோமே, நூல் வைத்து நேர்ப்படுத்தியதும் தந்தியிலிருந்து எழுகிற அந்த ரீங்காரம், சாதாரண ஹெட்போனில் ஒரு மொத்தையான ஓசையாகத்தான் வரும். இதிலே அது இழை இழையாகப் பிரிந்து வருகிறது. வீணையில் கமகம் முடிந்து ஸ்வரம் ஓய்கிற இடத்தில், தந்தி அடங்குவதற்கு முன் விரல் மெட்டிலிருந்து விலகுவது தெரிகிறது. மாலியின் புல்லாங்குழல் பதிவுகளில் ஊதுகிற மூச்சுக்கும் ஊதப்படுகிற நாதத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி தெரிகிறது. எம். டி. ராமநாதன் கீழ்ஸ்தாயியில் குரலை நிறுத்தும்போது அது நெஞ்சிலிருந்து வருவதாகத் தோன்றுகிறது. ஸ்பீக்கரிலிருந்து வருவதாகத் தோன்றுவதில்லை.

மிருதங்கத்தில்தான் எனக்குக் கொஞ்சம் மனக்குறை. வலந்தலையின் சொற்கள் கத்தரித்த மாதிரி சுத்தமாக விழுகின்றன. தொப்பியின் கும்காரம் மட்டும் காதுக்குக் கேட்கிறதே தவிர, நெஞ்சில் தட்டுவதில்லை. சவ்வு ஆடுவதற்குத் தகடுகளுக்கு நடுவே இருக்கும் இடம் ஸ்டாக்ஸின் இன்றைய அமைப்பில் இரு பக்கமும் அரை மில்லிமீட்டர்தான். கீழ்ஸ்தாயி ஒலிக்குத்தான் சவ்வு நீளமாக ஆட வேண்டும். அதற்கு இங்கே இடம் குறைவு. சுருளும் காந்தமும் உள்ள நல்ல ஹெட்போன் இந்த ஒரு காரியத்தை இன்னும் ஆண்மையோடு செய்கிறது. தவில் விஷயத்திலும் இதே கதைதான். கூடு கட்டிய விரல்களின் பேச்சு பிரமாதம். கழியின் அடி கொஞ்சம் மரியாதையாக விழுகிறது.

இன்னொரு சுபாவத்தையும் சொல்ல வேண்டும். இந்தச் சாதனத்துக்குத் தாட்சண்யம் கிடையாது. நல்ல பதிவை வைத்தால் சபையின் முதல் வரிசைக்கு அழைத்துப் போகும். மோசமான பதிவை வைத்தால் அதன் மோசத்தை வரிசையாக எடுத்து வைக்கும். இரைச்சல், கீறல், மைக்கைத் தட்டிய சத்தம், பக்கத்தில் அழுத குழந்தை எல்லாம் ஆஜராகும். காஸெட் என்பது 1963-ல் பிலிப்ஸ் கம்பெனி கொண்டுவந்த சாதனம். பேச்சைப் பதிவு செய்ய நினைத்துச் செய்தது. விநாடிக்கு ஐந்து சென்டிமீட்டர் கூட நாடா ஓடாது. அதில் உற்சவக் கூட்டத்தின் நடுவே பிடித்த நாகஸ்வரத்தை நிலைமின் ஹெட்போனில் கேட்டால், அப்பாவோடு சேர்ந்து நாடாவின் இரைச்சலும் முழுசாகக் கேட்கும். நாடாவில் பதியாத ஒன்றை எந்த ஹெட்போனும் கொண்டு வந்து தராது. விளம்பரங்களில் இதை மட்டும் சொல்வதில்லை.

*

ஜோடி விஷயத்துக்கு வருவோம். மற்ற ஹெட்போனைப் போல இதை ஃபோனிலோ, வீட்டு ஸ்டீரியோவிலோ செருக முடியாது. இதற்கு வேண்டியது மின்னோட்டம் அல்ல, மின்னழுத்தம், நூற்றுக்கணக்கான வோல்ட். ஆகவே தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் இந்த ஹெட்போன் வெறும் தலையலங்காரம். மாப்பிள்ளையை மட்டும் பார்த்துவிட்டு முகூர்த்தம் வைக்க முடியாது.

தொடக்கநிலையில் பிரபலமானவை இரண்டு குடும்பங்கள். ஒன்று ஸ்டாக்ஸ். 1979-ல் வந்த லாம்ப்டா என்ற நீள்சதுர வடிவத்தின் கடைக்குட்டியான எஸ்.ஆர்.-எல்300, அதற்கு ஜோடியாக எஸ்.ஆர்.எம்.-252எஸ் என்ற உள்ளங்கையளவு ஆம்ப்ளிஃபயர். மற்றொன்று காஸ் கம்பெனியின் ஈ.எஸ்.பி. 950 குடும்பம். இதில் ஹெட்போனும் ஆம்ப்ளிஃபயரும் ஆரம்பத்திலிருந்தே சேர்ந்தே வருகின்றன. பிரித்து யோசிக்க வேண்டிய தலைவலி இல்லை. ஒன்றுக்கொன்று மாற்றிப் போடலாமா என்றால், நேராக முடியாது. செருகியே வேறு. பயாஸ் ஒருவரிடம் 580 வோல்ட், மற்றவரிடம் 600. வித்தியாசம் அற்பம்தான், ஆனால் செருகி பொருந்த இடைச்செருகி தேடி அலைய வேண்டும்.

பழைய ஸ்டாக்ஸ் ஹெட்போன் மலிவாகக் கிடைக்கிறதே என்று பாய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய வகைக்கு பயாஸ் 230 வோல்ட், செருகியில் ஆறு முள். புதிய வகைக்கு 580 வோல்ட், ஐந்து முள். ஆறு முள் செருகி ஐந்து துளையில் நுழையாது. கம்பெனிக்காரர்கள் புத்திசாலித்தனமாகச் செய்த ஏற்பாடு அது. பழைய சவ்வைப் புதிய அழுத்தத்திலிருந்து காப்பாற்றுகிறது. முள்ளை ஒடித்துச் செருகலாம் என்று யோசனை சொல்கிறவர் உங்களுக்கு நண்பர் அல்ல.

அதைவிடப் பெரிய கண்ணி ஒன்று உண்டு. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். அங்கே உள்நாட்டு விற்பனைக்குச் செய்த ஆம்ப்ளிஃபயரை, விலை குறைவு என்று வரவழைத்து நம் 230 வோல்டில் செருகினால், அந்தக் கச்சேரி ஒரே ஒரு விநாடி நடக்கும். கடைசியில் புகை மங்களம் பாடும். தொடக்கநிலைச் சிறிய ஆம்ப்ளிஃபயருக்கு இங்கே ஒரு சௌகரியம். அது வெளி அடாப்டரிலிருந்து வரும் 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுவது. நம் ஊர் மின்சாரத்துக்கு ஏற்ற, சரியான அளவும் துருவமும் உள்ள அடாப்டர் இருந்தால் போதும்.

பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்கினால் பெரிய சங்கீதம் வருமா என்பது அடுத்த கேள்வி. இந்த இடத்தில்தான் ரசிகர்களின் பாஷை கவிதையாகிவிடுகிறது. ‘‘திரை விலகியது’’ என்கிறார் ஒருவர்; ‘‘மேடை விரிந்தது’’ என்கிறார் மற்றொருவர். கவிதையை ஒதுக்கிவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். சிறிய ஆம்ப்ளிஃபயர் அதிகபட்சம் 280 வோல்ட் கொடுக்கும். அதற்கு அடுத்த படியில் இருந்த எஸ்.ஆர்.எம்.-353எக்ஸ் 400 வோல்ட். கேட்க மலைப்பாக இருக்கிறது. ஒலியளவில் வித்தியாசம் 3 டெசிபெல்தான். எல்300 ஹெட்போனுக்கு 100 வோல்ட் கொடுத்தால் 101 டெசிபெல் ஒலி எழுகிறது. 280 வோல்டில் 110-ஐ நெருங்கும். கோயில் பிராகாரத்தில் நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் நிற்பது மாதிரி. அதற்கு மேல் யாருக்கு வேண்டும், எதற்கு வேண்டும்? தாழ்ந்த ஸ்தாயியில் உரக்க வைத்துக் கேட்கிறவர்களுக்குப் பெரிய ஆம்ப்ளிஃபயர் கொஞ்சம் நிதானத்தைத் தரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். முதல் ஜோடி வாங்குகிறவர் அதற்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை. ஆகவே, வாங்குவதென்று தீர்மானமாகிவிட்டால், கம்பெனியே சேர்த்து விற்கும் ஜோடியை அப்படியே வாங்குவதுதான் உத்தமம். ஹெட்போன் ஓரிடம், ஆம்ப்ளிஃபயர் ஓரிடம் என்று பொறுக்குவது இரண்டாம் கல்யாணத்துக்கான யோசனை.

*

சேரப்பணஞ்சேரியில் பிழைக்குமா என்பது கடைசிக் கேள்வி. கடைசியாக வைத்தேனே தவிர, தீர்ப்பு இதில்தான் இருக்கிறது.

நிலைமின்சாரத்துக்கு இரண்டு சத்துருக்கள்: ஈரமும் தூசியும். ஈரக் காற்றில் சவ்வின்மேல் நிற்க வேண்டிய மின்னேற்றம் கசிந்து போகும். ஒரு காதில் சத்தம் குறையும். சில சமயம் கிரீச்சென்று முனகும். தூசித்துகள் ஒன்று தகட்டுக்கும் சவ்வுக்கும் நடுவே புகுந்தால் பட்பட்டென்று வெடிக்கும். இந்த ஹெட்போனைச் சுகமாக வைத்திருக்க இந்தியாவில் இடம் தேடினால், ஐப்பசி மழையும், கடலிலிருந்து வரும் ஈரக் காற்றும், கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியும் சேர்ந்த ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பிரதேசத்தை யாரும் முதலில் சொல்ல மாட்டார்கள். முடியாதது ஒன்றுமில்லை. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, கேட்கும்போது மட்டும் எடுத்து, வேர்வைத் தலையோடு மாட்டாமல், முடிந்ததும் மறுபடி டப்பாவில் வைத்தால் வருஷக்கணக்கில் வரும். காமிராக்காரர்கள் லென்ஸைப் பார்த்துக்கொள்வது இப்படித்தானே? ஆறு பேர் உள்ள அறையில் அந்த டப்பா யார் கண்ணிலும் காலிலும் படாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பழுதானால் என்ன செய்வது என்பதையும் யோசிக்க வேண்டும். காஸ் கம்பெனி ஆயுட்கால உத்தரவாதத்துக்குப் பேர் போனது. சேரப்பணஞ்சேரியிலிருந்து மில்வாக்கிக்குப் பார்சல் கட்டணம் கட்டிப் பார்த்தால் ஆயுள் கொஞ்சம் குறையும்.

இரண்டாவது சங்கடம் இன்னும் முக்கியம். நிலைமின் ஹெட்போன்கள் பெரும்பாலும் பின்புறம் திறந்தவை. சவ்வு முன்னால் எவ்வளவு பாடுகிறதோ அவ்வளவு பின்னாலும் பாடுகிறது. மாட்டிக்கொண்டவருக்குக் கேட்பது பக்கத்துப் பாயில் படுத்திருப்பவருக்கும் கேட்கும். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து பகலில் கண்ணயர்கிற ஐந்து பேருக்கு நடுவே இது நடக்காது. வெளியில் ஓடும் மின்விசிறியும் லாரி ஹாரனும் அதே துளை வழியாக உள்ளே வரும் என்பதையும் மறக்கக் கூடாது. தம்புராவின் ஜீவாவைக் கேட்பதற்காகப் பணம் கொடுத்தவர் மின்விசிறியின் ஜீவாவைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

மூன்றாவதாக, காது. நம் தொழிற்சாலை விதிகளின்படி எட்டு மணி நேர வேலைக்கு ஒலியின் வரம்பு 90 டெசிபெல். உலக சுகாதார நிறுவனம் சங்கீதம் கேட்பதற்குச் சொல்லும் பத்திரமான அளவோ வாரத்துக்கு நாற்பது மணி நேரம், 80 டெசிபெல். இரைச்சலான ஷிஃப்டிலிருந்து வெளியே வருகிற காது சில மணி நேரத்துக்கு மந்தித்துத்தான் இருக்கும். அப்போது ஹெட்போனை மாட்டினால் சத்தம் போதவில்லை என்று தோன்றும், கை குமிழைத் திருகும், சேதம் இரட்டிக்கும். ஆயிரம் வோல்ட் சாதனம் இருந்தும் பிரயோஜனமில்லை, கேட்கிற சவ்வு காதுக்குள் இருக்கிறது. அதற்குச் சர்வீஸ் சென்டர் கிடையாது. வேலை நேரத்தில் காதடைப்பான் போட்டுக்கொள்கிற தொழிலாளி, விலையுயர்ந்த ஹெட்போன் வாங்குகிற பணக்காரரைவிடச் சங்கீதத்துக்கு அதிகம் செலவழித்தவர் என்பேன்.

*

இந்தச் சாதனத்தின் மேல் எனக்கு உள்ள மரியாதை குறையாமலே ஒரு பெரிய கேள்வியையும் கேட்டுவிடுகிறேன். பாலக்காடு மணி ஐயர் தம் மிருதங்கத்துக்கு மைக் வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தவர். தோலுக்கும் காதுக்கும் நடுவே மூன்றாவது ஆசாமி கூடாது என்பது அவர் கொள்கை. இன்றைக்கு அவர் வாசிப்பை நாம் கேட்பதெல்லாம் அந்த மூன்றாவது ஆசாமியின் தயவால்தான். இதில் யார் ஜெயித்தார்கள்? இருவரும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நேரில் கேட்பதற்கு ஈடு இல்லை என்பதில் மணி ஐயர் ஜெயித்தார். நேரில் கேட்க ஆள் இல்லாமல் போன பிறகு, மைக் ஜெயித்தது.

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் ராமானுஜர் ஞாபகம் வராத தமிழர் இல்லை. திருக்கோஷ்டியூரில், குரு காதோடு சொன்ன ரகசியத்தை அவர் கோபுரத்தின்மேல் ஏறி ஊருக்கே சொன்னார் என்பது கதை. அவர் பிறந்த ஊரைச் சுற்றி இன்று லட்சக்கணக்கான கைபேசிகள் பிறக்கின்றன. அவற்றில் இருக்கும் மைக் பெரும்பாலும் அதே நிலைமின் தத்துவத்தில் ஓடுகிற, சிலிக்கனில் செதுக்கிய குட்டிச் சவ்வு. ஹெட்போன் என்பது ஊருக்குச் சொன்னதை மறுபடி காதோடு சொல்கிற கருவி. நாகஸ்வரமோ பிறவியிலேயே கோபுரத்துச் சங்கீதம். தெருவோடு போகிறவனுக்கும் உரியது. அதை ஒருவன் மட்டும் ரகசியமாகக் கேட்பதில் ஏதோ கொஞ்சம் குறைகிறது. இதைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. வாசிக்கிறவர் இல்லை, தெரு இல்லை, உற்சவம் இல்லை என்னும்போது காதோடாவது கேட்கட்டும். எது குறைகிறது என்று தெரிந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே சேரப்பணஞ்சேரி இளைஞருக்கு என் பதில் இது. சேர்த்த பணத்தில் முதல் செலவு ஹெட்போனுக்கு அல்ல, அந்தப் பதினோரு காஸெட்டுகளுக்கு. நாடா வருஷத்துக்கு வருஷம் உதிர்கிறது, பூஞ்சை பிடிக்கிறது, ஒட்டிக்கொள்கிறது. ஹெட்போன் அடுத்த வருஷமும் கடையில் இருக்கும். நாடா அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. பழைய டேப் டெக்கை நன்றாகப் பராமரிக்கிற ஒருவரிடம் கொண்டுபோய், ஒவ்வொரு காஸெட்டுக்கும் தலைக்கட்டையின் சாய்வைச் சரிசெய்து, டிஜிட்டலில் ஏற்றிக்கொள்ளட்டும். அந்தச் சாய்வு ஒரு மயிரிழை தவறியிருந்தாலும் நாகஸ்வரத்தின் சீவாளிச் சத்தம் மங்கிப்போகும். ஐம்பதாயிரம் ரூபாய் ஹெட்போன் மீட்டுத் தராத ஒன்றை ஒரு ஸ்க்ரூ டிரைவர் மீட்டுத் தரும். ஏற்றியதை இரைச்சல் நீக்காமல் அப்படியே ஒரு பிரதி, வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் இன்னொரு பிரதி என்று வைக்கட்டும். இரைச்சல் நீக்குகிற வேலையைப் பிறகு எவரும் செய்யலாம். நீக்கும்போது மூச்சும் சேர்ந்து போய்விட்டால் திரும்ப வராது.

இரண்டாவது செலவு, காது மூடிய ஒரு நல்ல சாதாரண ஹெட்போன். மற்ற ஐவரின் தூக்கம் கெடாது. தவிலின் அடியும் நெஞ்சில் விழும். நிலைமின் ஜோடி மூன்றாவது. தனி அறை ஒன்று அமைந்து, கதவைச் சாத்திக்கொள்ள முடிகிற நாளில் வாங்கட்டும். அப்போது தொடக்கநிலை ஜோடியே போதும். அதற்கு மேல் ஏற வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. வாங்குவதற்கு முன் சென்னையில் வைத்திருக்கிற யாரிடமாவது போய், தன் தகப்பனாரின் பதிவையே வைத்துக் கேட்கட்டும். கடைக்காரர் வைக்கிற பதிவில் எல்லா ஹெட்போனும் நல்ல ஹெட்போன்தான்.

அன்று அவருக்கு என்ன கேட்கும் என்று ஓரளவு என்னால் சொல்ல முடியும். கூட்டத்தின் இரைச்சல் கேட்கும், வாணவெடி கேட்கும், ஒத்துக்காரர் மூச்சு மாற்றுவது கேட்கும். அதற்கெல்லாம் நடுவே ஒரு ராகத்தைத் தொடங்குமுன் சீவாளியை நனைத்துப் பொருத்தி ஊதிப் பார்க்கிற சின்னச் சத்தம் இருந்தால், அதுவும் கேட்கும். கேட்கிறவரைப் பற்றி யாரும் விமரிசனம் எழுதுவதில்லை என்று ஆரம்பத்தில் குறைப்பட்டுக்கொண்டேன். நல்ல கேட்பவருக்கு இலக்கணம் சொல்ல வேண்டுமானால் இப்படிச் சொல்வேன்: பெரிய பெயர் எடுக்காத ஒருவரின் வாசிப்பு அழிந்துபோகாமல் பார்த்துக்கொண்டு, பிறகு காதைத் தீட்டிக்கொள்கிறவர். சாதனங்களின் தரவரிசையெல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.